விலைக்கு வந்த வளவு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழைய போடியார் வீடொன்று விலைக்கு வந்திருக்கிறது. வாயிலில் அறையப்பட்டிருந்த பலகையின் வாசகத்தை எம் மாணவன் ஒருவன் எழுதிக்கொண்டு வந்து காட்டினான். முதிரை மரத் தூண்கள் நிறுத்திய விறாந்தை, நடுமுற்றம், நெற்பட்டறை, மூன்று கிணறுகள், மாவும் பலாவும் செறிந்த தோட்டம், காய்க்கும் தென்னைகள், வாவிக்கரை வரை செல்லும் காணி என அனைத்தும் ஒழுங்காகக் கணக்கிடப்பட்டிருந்தன. வரலாற்றுச் சிறப்புமிக்க இல்லம் என்றும் ஒரு வரி இருந்தது. எவருடைய வரலாறு என்று பலகை சொல்லவில்லை. விடுமுறை நாளொன்றில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அந்த வளவைப் பார்க்கச் சென்றோம்.

இப்பகுதியில் வேளாண்மை என்றால் நெற்செய்கை. போடியார் என்றால் பெருநிலத்துக்கு உடையவர். தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் போடிமார் இருந்தனர். வயலும் மாட்டுப்பட்டியும் கோயில் உரிமையும் ஊர்த் தலைமையும் ஒரே கையில் திரண்டிருந்த அந்த ஏற்பாட்டை நிலப்பிரபுத்துவம் என்றல்லாமல் வேறு எப்பெயரால் அழைப்பது? அந்நியர் வருமுன்னரே அதன் வேர் ஊன்றியிருந்தது. ஆயினும் அதற்குக் காணி உறுதி என்ற கவசத்தை அணிவித்தது ஆங்கில ஆட்சியே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை எனக் கொண்டது. காடு வெட்டிச் சேனை செய்தவனிடம் எழுத்தில் ஏது உரிமை? கோப்பித் தோட்டங்கள் பெருகிய அந்நாளில் முடிக்குரிய நிலம் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விலைபோயிற்று. 1844இல் அது ஒரு பவுணாக உயர்ந்தது. பின்னர், 1856இன் நீர்ப்பாசனச் சட்டத்தை அடுத்து, தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. வாவிக்குத் தெற்கே வயல்வெளி விரிந்தது. குளத்து நீர் எல்லோருக்கும் பொதுவாகப் பாய்ந்ததென்று எண்ணிவிடலாகாது. நிலம் உடையவனுக்கே அது நெல்லாக விளைந்தது.

நெற்பட்டறையின் முன் நெடுநேரம் நின்றோம். இதை நிரப்பியவர் யார்? போடியாரின் வயலைப் பொறுப்பேற்று, உழுது, விதைத்து, வரம்பு கட்டி, இரவில் பரண்மீது காவலிருந்து, யானையையும் பன்றியையும் விரட்டிய முல்லைக்காரனே. எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதித்தவன் அவன். பொலி பாடித் தூற்றியவன் அவன். அவனுக்குரிய கூலி களத்திலே நெல்லாக அளக்கப்படும். ஆனால் அது வீடு சேருமுன், மாரியிலே வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய கடன் நெல் குறுக்கே நிற்கும். அளக்கும் மரைக்கால் போடியாருடையது. கணக்கு வைப்பவரும் அவரே. எஞ்சியதைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனவன் அடுத்த மாரியில் மறுபடியும் இந்த விறாந்தையின் படியடியில் வந்து நின்றான். விறாந்தைக்கு மேலே ஏற அவனுக்கு அனுமதி இல்லை. தூண்களின் வேலைப்பாட்டை வியந்த மாணவர்கள் இதைக் கேட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தனர். தச்சனின் கைத்திறனை வியப்பது தவறன்று. தச்சன் பெயரும் பலகையில் இல்லை.

இன்னொரு மறைவும் உண்டு. போடியார் வீடு என்று ஊர் சொன்னாலும், இது போடியாருக்குச் சொந்தமாக இருந்ததில்லை! மட்டக்களப்பில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மணமகனே அங்கு வந்து குடியேறுவான். பழைய முக்குவர் சட்டத்தின்படி முதுசச் சொத்து தாய்வழியே, சகோதரியின் பிள்ளைகளுக்கு இறங்கிற்று. கிறிஸ்தோபர் பிறிற்றோ அச்சட்டத்தை 1876இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். விந்தை என்னவெனில், அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கச் சட்டத்தின் பின் நீதிமன்றங்களில் அதன் இடம் சுருங்கிவிட்டது. சட்டம் சுருங்கினும் சீதன வழக்கம் நின்றது. ஆக, இன்று விற்பவரும் ஒரு பெண்மணியே. எனினும் உறுதி பெண்ணின் பெயரில் இருந்ததனால் அதிகாரமும் அவளிடம் இருந்ததென்று கொள்ள முடியாது. களத்துக் கணக்கை அவள் கேட்டதில்லை. அடுக்களைப் புகையே அவள் பங்கு.

வீட்டின் தளர்ச்சியை விரிக்க வேண்டியதில்லை. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம், குத்தகை உழவனை நினைத்தபடி வெளியேற்ற முடியாதென்றது. 1972இன் காணிச் சீர்திருத்தம் நெற்காணிக்கு 25 ஏக்கரும் ஏனைய நிலத்துக்கு 50 ஏக்கரும் உச்சவரம்பாக விதித்தது. ஆனால் வரம்புக்கு உட்பட்ட வளவுகளை அது தொடவில்லை. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி சட்டத்தைவிட விரைவாக வேலை செய்தது: மட்டக்களப்புத் தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. அதன்பின் போர். படுவான்கரை மக்கள் போன துயரம் தனியே எழுதற்குரியது. 2014இல் மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை ‘பாதை’ எனும் மிதவையில் வாவியைக் கடந்த ஊருக்கு வாகனம் நேரே வந்தது. வாகனத்தோடு காணி வாங்குவோரும் வந்தனர்.

1904இல் மொஸ்கோவில் அரங்கேறிய அன்ரன் செகோவின் ‘செரித் தோட்டம்’ நாடகத்தை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. கடனில் மூழ்கிய பிரபுக் குடும்பத்தின் தோட்டம் ஏலத்துக்கு வருகிறது. வாங்குபவன் லோபாக்கின், அவனுடைய தந்தையும் பாட்டனும் அதே பண்ணையில் அடிமைகளாய் இருந்தவர்கள். அவன் மரங்களை வெட்டி மனை பிரிக்கப் போகிறான், அது வேறு. ஆயினும் அங்கே அடிமையின் மகனுக்கு ஏலத்தில் கை உயர்த்தவாவது முடிந்தது. எங்கள் படுவான்கரையில் முல்லைக்காரனின் பேரன் அந்தத் தொகையை எழுத்தால் எழுதிப் பார்க்கலாம், அவ்வளவே.

அப்பேரன் ஒருவர், இப்போது முதியவர், அந்த வளவிலேயே இருக்கிறார். தோட்டத்தின் வடமூலையில் கிடுகு வேய்ந்த குடிசை. அவர் பிறந்ததும் அதிலேதான். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, உடையவரின் உரிமையை ஏற்காது பத்தாண்டுகள் தடையின்றி ஒரு நிலத்தை ஆண்டவன் அதற்கு உரிமை கோரலாம். ஆனால் அனுமதியோடு குடியிருந்தவனுக்கு அது பொருந்தாது. நன்றியோடும் பணிவோடும் மூன்று தலைமுறை இருந்தவருக்குச் சட்டத்தில் இடமில்லை. எதிர்த்து நின்றிருந்தால் பத்தாண்டு போதும். அந்த நுட்பத்தை அவருக்கு எப்படி விளக்குவதென்று தெரியாமல் தயங்கினோம்.

பலகையில் உள்ளதைப் படித்துக் காட்டும்படி அவர் கேட்டார். மாணவன் படித்தான். கிணறு, பட்டறை, தென்னை எல்லாம் வந்தன. பிறகு எல்லைகள்: கிழக்கே வாவி, தெற்கே வீதி, மேற்கே வாய்க்கால், வடக்கே வேலி. முதியவர் வேலியைத் திரும்பிப் பார்த்தார்.

“வாத்தியார், நம்மட குடிசையும் வேலிக்கு இஞ்சாலதானே கிடக்கு?” என்றார்.