பொம்மை வீட்டில் ஒரு பிணம்

இன்னைக்கு ஒரு ட்ரெய்னிங் கான்ஃபரன்ஸ் பத்திப் பேசப்போறோம். ஓடிடாதீங்க, ஆபீஸ்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி இல்ல. வருஷம் 1945. இடம் பாஸ்டன், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி. பேசுறவங்க தடயவியல் டாக்டர்கள், கேட்கிறவங்க போலீஸ்காரங்க. ஒருத்தர் செத்துக் கிடக்கிற இடத்தை எப்படிப் பார்க்கணும் என்பதுதான் பாடம்.

நம்ம ஊர்ல சந்தேக மரணம்னா போலீஸ் விசாரிக்கும். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள்ள ஒரு பெண் இறந்தா ஆர்.டி.ஓ. விசாரணை. அமெரிக்காவில் இந்த வேலைக்குன்னே ஒரு பதவி உண்டு: கொரோனர். 1194-ல் இங்கிலாந்தில் ஆரம்பிச்ச பதவி, குடியேறினவங்களோட கூடவே கப்பலேறிப் போச்சு. சிக்கல் என்னன்னா, பல இடங்களில் கொரோனர் என்பவர் ஓட்டு வாங்கி ஜெயிச்சு வர்றவர். மருத்துவம் படிச்சிருக்கணும்னு கட்டாயமே இல்லை. அவர் "விபத்து"ன்னு எழுதிட்டா, கொலைகாரன் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவான். மாசசூசெட்ஸ் மாநிலம் 1877-லேயே கொரோனர் பதவியைத் தூக்கிட்டு, மெடிக்கல் எக்ஸாமினர்னு டாக்டர்களை நியமிச்சது.

அப்படி பாஸ்டனில் இருந்தவர் டாக்டர் ஜார்ஜ் பர்ஜஸ் மக்ராத். அவர் சொன்ன கேஸ்களைக் கேட்டுக் கேட்டே இந்தத் துறைக்குள் இழுக்கப்பட்டவர் அவரோட தோழி, பிரான்சஸ் கிளெஸ்னர் லீ. சிகாகோவில் விவசாய இயந்திரம் தயாரிச்ச பணக்காரக் குடும்பம். அண்ணன் ஹார்வர்டில் படிச்சார், இவர் கல்லூரிக்கே போகலை. ஆனா ஹார்வர்டில் சட்ட மருத்துவத் துறை வந்ததே இவர் கொடுத்த பணத்தில்தான். 1943-ல், 65 வயசில், நியூ ஹாம்ப்ஷயர் மாநில போலீஸில் கேப்டன் பதவியும் கிடைச்சது.

கருத்தரங்கில் டாக்டர்கள் துப்பாக்கிக் காயம், தீக்காயம், இறந்த நேரத்தைக் கணக்கிடுறதுன்னு வரிசையா வகுப்பெடுத்தாங்க. எல்லாம் சரி, பயிற்சிக்கு எங்கே போறது? நிஜமான மரண வீட்டுக்குள்ள முப்பது பேரைக் கூட்டிட்டுப் போனா தடயமெல்லாம் காலி. புதுசா சேர்ந்தவரை நேரா புரொடக்‌ஷன் சர்வர்ல கைவைக்க விடுவோமா? அதனால லீ ஒரு டெஸ்ட் சர்வர் கட்டினார். பொம்மை வீடுகளா!

ஒரு அடிக்கு ஒரு அங்குலம்னு அளவு. விளக்கு எரியும். பொம்மைக்குப் போடுற காலுறையைக் குண்டூசியால் பின்னினார் அந்த அம்மா. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவு. ஒண்ணு குளியலறை: தொட்டிக்குள்ள மல்லாந்து ஒரு பெண், முகத்துமேல குழாய்த் தண்ணி கொட்டுது, கால் ரெண்டும் தொட்டிக்கு வெளியே விறைச்சு நிக்குது. குடிச்சிட்டு வழுக்கி விழுந்தாளா? அப்படின்னா கால் ஏன் தொங்கலை? 90 நிமிஷம் தர்றாங்க. ஒரு இடத்தில் ஆரம்பிச்சு, கடிகார முள் சுத்துற திசையில் பார்த்துக்கிட்டே நடுவுக்கு வரணும். தொடக் கூடாது.

எனக்குப் பிடிச்சது அவர் தேர்ந்தெடுத்த ஆட்கள். அந்த வீடுகளில் செத்துக் கிடக்கிறவங்கள்ல பெண்கள் நிறைய, ஏழைகள் நிறைய. வாடகை அறை, பழைய சாமான், காலி பாட்டில். பார்த்ததும் "இவளுக்கு இப்படித்தான் ஆகும்"னு முடிவுகட்டத் தோணுற வீடுகள். மாளிகையில் வளர்ந்த ஒருத்தர், அந்த அழுக்குச் சுவரைக்கூட கவனமா வண்ணம் தீட்டியிருக்கார். பயிற்சி முடிஞ்சதும் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்ல ராஜ விருந்து வேற! டாக்டர்கள் பேச்சுல எது யாருக்கு ஞாபகம் இருந்துச்சோ, அந்தக் குளியலறையை எந்தப் போலீஸ்காரரும் மறந்திருக்க மாட்டார்னு நான் பந்தயம் கட்டுவேன்.

1962-ல் லீ இறந்தார். சில வருஷத்தில் ஹார்வர்டு அந்தத் துறையை மூடிடுச்சு. ரஸ்ஸல் ஃபிஷர் என்ற டாக்டர்தான் பொம்மை வீடுகளை பால்டிமோருக்குக் கொண்டுபோனார். 18 வீடுகள் அங்கே மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகத்தில் இருக்கு, லீ பேரிலேயே கருத்தரங்கும் நடக்குது. 2017-ல் வாஷிங்டன் ரென்விக் காட்சியகத்தில் பொதுமக்கள் பார்க்க வச்சாங்க. விடையை மட்டும் சொல்லலை. அடுத்த பேட்ச்சுக்கு இன்னும் அதே வீடுகள்தான் பரீட்சை.