கண்வலிக்கிழங்கு: ஒரு பெயரும் ஒரு மறுப்பும்

ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம் பக்கத்துக் காடுகளில் செங்காந்தள் என்று கேட்டால் ஒரு கணம் யோசித்துத்தான் பதில் வரும். தமிழகத்தின் மாநில மலர் அங்கே வெறும் ‘கண்வலி’. ‘கண்வலி போட்டிருக்கோம்’, ‘கண்வலி விதை என்ன விலைக்குப் போகுது’ என்பதே பேச்சு. குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் முதலில் நிற்கும் செடிக்கு நோயின் பெயர் எப்படி ஒட்டியது? விடை தேட, முதலில் ஒரு முன்னோடியின் கருத்தோடு மோத வேண்டியிருக்கிறது.

அவர் சென்னையில் மருத்துவம் பார்த்த மொகிதீன் ஷெரீப். 1869இல் இந்திய மருந்து நூலுக்குத் துணைநூல் எழுதியவர். உள்நாட்டு மூலிகைகளின் பெயர்க் குழப்பத்தை அவர் அளவுக்குப் பொறுமையாகப் பிரித்தவர் அக்காலத்தில் குறைவு. இச்செடியின் கிழங்கைத் தாமே உண்டு பார்த்தார். மிகச் சிறிய அளவில் தொடங்கி, மெல்ல ஏற்றினார். கேடு நேரவில்லை, பசி கூடியது, உடல் தெம்பானது. ஊர் நினைக்கும் அளவுக்கு இது நஞ்சல்ல என்று முடித்தார். பின்வந்த மருந்து நூல்கள் இந்தத் தீர்ப்பை வழிவழியாக எடுத்தாண்டன. தன் உடலையே சோதனைக்கு வைத்தவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு அப்படி.

அவர் கண்டதை நான் மறுக்கவில்லை; அதிலிருந்து அவர் எட்டிய முடிவைத்தான் மறுக்கிறேன். 1880 வாக்கில் வேதியியலாளர் வார்டன் இக்கிழங்கிலிருந்து பிரித்த கசப்புப் பொருளுக்கு ‘சூப்பர்பின்’ என்று பெயரிட்டார். இதில் இருப்பது கோல்ச்சிசின் என்னும் நஞ்சு என்பதைக் காட்ட 1915இல் கிளூவர், கிரீன், டுட்டின் மூவரின் ஆய்வு வர வேண்டியிருந்தது. காய்ந்த கிழங்கில் அது நூற்றுக்கு 0.3 பங்கு வரை இருக்கலாம். ஷெரீப் உண்டது ஒரு கிராம் என்றே கொள்வோம்: 3 மில்லிகிராம் கோல்ச்சிசின். மூட்டுவாத மாத்திரை ஒன்றில் 0.5 மில்லிகிராம் என்பதால், ஆறு மாத்திரைக்குச் சமம். தாங்கலாம். ஆனால் உடல் எடை கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து, 0.8ஐத் தாண்டினால் பிழைப்பது அரிது. 60 கிலோ மனிதருக்கு அந்த முதல் எல்லை 30 மில்லிகிராம், அதாவது காய்ந்த கிழங்கு வெறும் 10 கிராம். தெம்புக்கும் சாவுக்கும் நடுவே பத்து மடங்குதான். ஷெரீப் அந்த இடைவெளியின் இந்தக் கரையில் நின்றுகொண்டு அந்தக் கரை இல்லை என்றார்.

அவர் பக்கமும் வாதாட இடமுண்டு. 1966இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான இலங்கைக் குறிப்பு ஒன்றில், 125 கிராம் கிழங்கு உண்ட இளம்பெண் தலைமுடி முழுதும் உதிர்ந்தும் பிழைத்தார். வாந்தியில் எவ்வளவு போயிற்று என்பதை யாரால் அளக்க முடியும்? தவிர, மரபு வைத்தியம் கிழங்கை நறுக்கி உப்பு மோரில் நாட்கணக்கில் ஊறவைத்துச் சுத்தி செய்கிறது. கோல்ச்சிசின் நீரில் கரையும். ஊறலில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். சுத்தி செய்த கிழங்கின் சாதுத்தனத்தைப் பச்சைக் கிழங்கின் மேல் ஏற்றிப் பேசுவதில்தான் வம்பு.

இனிப் பெயர். வைத்திய வழக்கில் இது கலப்பைக்கிழங்கு. இரு கையாய்ப் பிரியும் கிழங்கைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. வடமொழி ‘லாங்கலி’யும் கலப்பையைத்தான் சொல்கிறது. இரண்டும் கிழங்கை வெட்டியவர் வைத்த பெயர்கள். ‘கண்வலி’ அப்படியல்ல. பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற நம்பிக்கையில் பிறந்தது. தொடுவதற்கு முன்பே தள்ளி நிறுத்துகிறது. கிளுவை வேலியில் தானாய்ப் படர்ந்த கொடியிடம் ஆடு மேய்க்கும் பிள்ளை போகாதிருக்க, ‘கிழங்கு விஷம்’ என்பதைவிட ‘பார்த்தாலே கண்வலி’ என்பது வலுவான காவல். கொடி பூக்கும் பருவத்தில் கண்நோய் பரவியதால் வந்த பெயர் என்றும் ஒருவர் சொல்லலாம். அதைத் தள்ள என்னிடம் கல்வெட்டோ ஓலையோ இல்லை. ஆயினும் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று மயங்கி உண்ட விபத்துகள் இலங்கையில் நிகழ்ந்திருக்க, எச்சரிக்கைப் பெயர் என்ற வாசிப்பையே நான் பற்றி நிற்கிறேன்.

வேலிக் கொடி வயற்பயிரான ஆண்டை ஒற்றை எண்ணில் குறிக்க முடியாது. முதலில் காட்டுக் கிழங்கை எடுத்து நட்டார்கள். விதைக்கு ஏற்றுமதிச் சந்தை வலுத்தபோது பயிர் பரவியது. கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் அதிகம். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூ. சூல்தண்டு செங்குத்தாய் மடங்கி மகரந்தத்துக்கு எட்டாமல் விலகி நிற்பதால், காலை வெயில் ஏறுமுன் பெண்கள் பூப்பூவாய்ப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். பார்க்கவே கூடாதென்ற பூவை ஒவ்வொன்றாய் உற்றுப் பார்ப்பதே இன்று கூலி வேலை.

ஆயுர்வேத மருந்துகளுக்கான நச்சுப் பொருள் பட்டியலில், மருந்துச் சட்ட விதிகளின் இ(1) அட்டவணையில், லாங்கலி இருக்கிறது. அந்தச் சட்டம் மருந்துப் புட்டியைக் காக்கும். வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்த விதை மூட்டையை அல்ல. உண்டால் வாந்தி தொடங்கவே சில மணி நேரம் ஆகும்; பிறகு சற்றுத் தணிந்ததுபோல் தோன்றி, ஓரிரு நாளில் உறுப்புகள் செயலிழக்கலாம். எளிதில் கிடைக்கும் முறிமருந்து கிடையாது. சந்தையில் விலை கூறும்போது ‘கண்வலி’ என்ற சொல்லுக்குள் இருந்த வலி யார் காதிலும் விழுவதில்லை. ஷெரீப்பின் தீர்ப்பு நூலில் தங்கியது. அதற்கான மறுப்பு ஒரு பெயராக இந்தக் காடுகளில்தான் தங்கியிருக்கிறது.