சாங்கிச் சிறையில் தைத்த போர்வைகள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. அங்கிருந்த ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். கணவர்களைச் சந்திக்க முடியவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

வீட்டில் பொழுதுபோக்காக இருந்த தையல் இங்கே உதவியது. எத்தெல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஓர் ஆறு அங்குலச் சதுரத் துணி. அதில் தன் பெயரையும் தன்னைப் பற்றிய ஏதாவதொன்றையும் நூலால் தைக்க வேண்டும். 66 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. இப்படி மூன்று போர்வைகள் உருவாயின.

காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி அவற்றை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சந்தேகம் வராதிருக்க, ஒன்றை ஜப்பானிய வீரர்களுக்கென்றே தைத்தார்கள். போர்வையில் மனைவியின் பெயர் இருந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று பொருள். கடிதம் செய்ய முடியாததை ஊசியும் நூலும் செய்தன.