ரோமானியர் நட்ட எல்ம்

எல்ம் மரங்களைக் கொல்வது ஒரு பூஞ்சையே என்று நெதர்லாந்தின் பெயா ஷ்வார்ட்ஸ் 1922இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. பட்டை வண்டுகள் சுமந்துவரும் அப்பூஞ்சை நீர்க்குழல்களை அடைத்துவிட, மரம் நின்றபடியே வாடுகிறது. 1960களின் இறுதியில் பரவிய கொடிய வகைக்குப் பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எல்ம்கள் மடிந்தன. ஏன் இவ்வளவு? 2004இல் வெளியான மரபணு ஆய்வு நம்மை அதிரவைத்தது: 'இங்கிலீஷ் எல்ம்' என்பது ரோமானியர் கொண்டுசென்ற ஒற்றை மரத்தின் வழித்தோன்றல்; விதையின்றி, வேர்க்கன்றுகளாலேயே பெருகியது. ஒன்றை வீழ்த்திய நோய்க்கு மற்றவையும் ஒன்றே.

1940இல் பிரான்சின் ரோஜே கோத்ரே, எல்மின் பட்டைக்கடியிலுள்ள திசுவைக் குடுவையில் வளர்த்து, அதில் மொட்டுகள் அரும்பக் கண்டார். இன்று, ஆசிய இனங்களோடு கலந்து தேர்ந்தெடுத்த ஒரு மரத்தைத் திசு வளர்ப்பால் ஆயிரமாக்கலாம். ரோமானியர் செய்ததும் ஏறக்குறைய இதுதானே என்று நமக்கு உறுத்துகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார், நோய்க்குத் தப்பி நின்ற முதிய அமெரிக்க எல்ம்களின் மொட்டுகளைத் தேடி எடுத்தனர். 2012இல் அவை குடுவையில் தழைத்த செய்தி வெளியானது.