கிட்டார் மாடலருக்கான ஸ்பீக்கர்கள்

கிட்டார் மாடலர் என்பது ஆம்ப், ஸ்பீக்கர் கேபினெட், அதன் முன் வைத்த மைக், எஃபெக்ட் பெடல்கள் ஆகியவற்றின் ஒலியை டிஜிட்டல் கணிப்பால் உருவாக்கித் தரும் கருவி. பெரும்பாலான மாடலர்களுக்குச் சொந்த ஸ்பீக்கர் கிடையாது. ஒலியைக் காதுக்குக் கொண்டுவர ஹெட்ஃபோன், ஸ்டுடியோ மானிட்டர், முழுவீச்சு ஸ்பீக்கர், கிட்டார் கேபினெட், அரங்கின் ஒலிபெருக்கி அமைப்பான பி.ஏ. என ஐந்து வழிகள் உள்ளன. இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மாடலரிலிருந்து வரும் ஒலியில் ஸ்பீக்கரின் குணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பது.

பின்னணி

ரோலண்ட் நிறுவனத்தின் வி.ஜி.-8 என்னும் மாடலிங் கருவி 1995இல் வந்தது. லைன் 6 நிறுவனம் 1996இல் ஆக்ஸிஸ் 212 என்னும் மாடலிங் ஆம்பையும் 1998இல் பாட் என்னும் மேசைக் கருவியையும் வெளியிட்டது. பாட் வீட்டு ஒலிப்பதிவுக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் ஒலி நேராகக் கணினிக்கோ டேப்புக்கோ போனதால் ஸ்பீக்கர் பற்றிய கேள்வி பெரிதாக எழவில்லை. ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், கெம்பர் ப்ரொஃபைலர், 2015இல் வந்த லைன் 6 ஹீலிக்ஸ், அதன்பின் நியூரல் டி.எஸ்.பி.யின் குவாட் கார்டெக்ஸ் ஆகியவை மேடை ஆம்பின் இடத்தையே எடுத்துக்கொண்டபோதுதான் அந்தக் கேள்வி முன்னுக்கு வந்தது. கால் மணி நேரத்தில் பொருத்திவிடக்கூடிய கருவி இருந்தும், அதை எதன் வழியாகக் கேட்பது என்பதில் பலர் தடுமாறினர்.

கிட்டார் ஸ்பீக்கரின் தனிக்குணம்

மின்கிட்டாருக்கான ஸ்பீக்கர் வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் போன்றதல்ல. இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனம் தயாரிக்கும் வின்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலிக்கும். உச்ச அதிர்வுகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் இதில் கிடையாது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சட்டென்று வீழ்ந்துவிடும். ஆம்பில் டிஸ்டார்ஷன் ஏற்றும்போது பிறக்கும் கரகரப்பான உச்ச அதிர்வுகளை இந்த வீழ்ச்சிதான் வடிகட்டுகிறது. ராக் இசையின் கிட்டார் ஒலி என்று உலகம் அறிந்ததில் பாதி இந்தக் குறுகிய வீச்சின் விளைவு.

இதே வடிகட்டலை மாடலர் கணக்காகவே செய்துவிடுகிறது. உண்மையான கேபினெட்டின் முன் ஷூர் எஸ்.எம்.57 போன்ற மைக்கை வைத்து, அந்தக் கேபினெட்டும் மைக்கும் ஒலியை மாற்றும் விதத்தை ஒரு சிறு கோப்பாகப் பதிவு செய்கிறார்கள். அதுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். வாசிப்பவர்கள் சுருக்கமாக ஐ.ஆர். என்பார்கள். ஐ.ஆர். போட்ட ஒலியைக் கிட்டார் கேபினெட்டில் விட்டால் ஒரே வடிகட்டல் இரண்டு முறை நடந்து, கம்பளியைப் போர்த்தியதுபோல் ஒலி அமுங்கிவிடும். ஐ.ஆர். இல்லாத ஒலியை முழுவீச்சு ஸ்பீக்கரில் விட்டாலோ காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். மாடலர் ஒலி சரியில்லை என்ற குறை எழும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஐந்து வழிகள்

ஹெட்ஃபோன்: மிகக் குறைந்த செலவில் துல்லியமான ஒலி. அறையின் எதிரொலி குறுக்கிடாது, அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை. பின்புறம் திறந்த வகையில் ஒலி இயல்பாக விரிந்து கேட்கும்; மூடிய வகை வெளிச்சத்தத்தைத் தடுக்கும். ஐ.ஆர். கட்டாயம் வேண்டும். புளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு உதவாது. அதில் ஒலி பொதுவாக நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தாமதமாக வரும். மீட்டிய கைக்கும் கேட்கும் காதுக்கும் இடையே அந்த இடைவெளி இருந்தால் தாளம் பிடிக்க முடியாது. புளூடூத் ஸ்பீக்கருக்கும் இதே குறை உண்டு.

ஸ்டுடியோ மானிட்டர்: ஒலிப்பதிவுக் கூடங்களில் மேசைமேல் ஜோடியாக வைக்கப்படும் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தனி ஆம்ப் இருக்கும். யமஹா எச்.எஸ்.5, ஜே.பி.எல். 305பி போன்ற 5 அங்குல மானிட்டர்கள் வீட்டு அறைக்குப் போதும். கிட்டாரின் தடித்த ஈ தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அதற்குக் கீழே நெஞ்சை அதிரவைக்கும் பாஸைத் தேடிப் பெரிய ஊஃபர் வாங்க வேண்டிய தேவையில்லை. இரண்டு மானிட்டர்களும் வாசிப்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும்; ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். சுவரையோ மூலையையோ ஒட்டி வைத்தால் பாஸ் வீங்கிக் கேட்கும்.

முழுவீச்சு ஸ்பீக்கர்: எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்று அழைக்கப்படும் வகை. கேட்கும் வீச்சு முழுவதையும் கூட்டாமல் குறைக்காமல் தருவது இதன் நோக்கம். ஒரு ஊஃபர், ஒரு ட்வீட்டர், உள்ளேயே பவர் ஆம்ப் என்பது இதன் வழக்கமான அமைப்பு. ஹெட்ரஷ் எஃப்.ஆர்.எஃப்.ஆர்.-108, -112, லேனி எல்.எஃப்.ஆர்.-112 ஆகியவை கிட்டார்காரர்களைக் குறிவைத்தே வந்தவை. யமஹா டி.எக்ஸ்.ஆர்.10 போன்ற பொது மேடை ஸ்பீக்கர்களும் இந்த வேலைக்குப் பொருந்தும். 2023இல் வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்.ஆர்.-10, எஃப்.ஆர்.-12 ஆகியவை பழைய கிட்டார் ஆம்பின் தோற்றத்தில் இருக்கும். உச்ச அதிர்வுகளைக் குறைக்கும் திருகும் அவற்றில் உண்டு.

கிட்டார் கேபினெட்டும் பவர் ஆம்பும்: ஏற்கெனவே நல்ல கேபினெட் வைத்திருப்பவர்களுக்கான வழி. மாடலரில் ஐ.ஆரை அணைத்துவிட்டு, சீமோர் டங்கன் பவர்ஸ்டேஜ் போன்ற சிறிய பவர் ஆம்ப் வழியாகக் கேபினெட்டை ஓட்டலாம். வேறொரு ஆம்பின் எஃபெக்ட் ரிட்டர்ன் துளையில் செருகினாலும் அந்த ஆம்பின் ப்ரீஆம்ப் விலகிக்கொள்ளும். 1975 முதல் தயாராகிவரும் ரோலண்ட் ஜே.சி.-120 பல ஒத்திகைக் கூடங்களில் இந்த வேலைக்குக் கைகொடுக்கிறது. இந்த வழியில் ஆம்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கேபினெட்டின் குணம் மாறாது. மார்ஷலா வாக்ஸா என்று திரையில் எது காட்டினாலும் அறையில் கேட்பது எதிரே நிற்கும் பெட்டியின் குரல்தான்.

முழுவீச்சு ஸ்பீக்கருக்கும் கிட்டார் கேபினெட்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. 2018இல் வந்த லைன் 6 பவர்கேப், முழுவீச்சாகவும் இயங்கும். குறிப்பிட்ட கிட்டார் ஸ்பீக்கர்களின் குணத்தையும் ஏற்கும். கெம்பருக்காகச் செலஸ்டியனுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட கோன் ஸ்பீக்கரும் இவ்வகையே.

அரங்க பி.ஏ.யும் காது மானிட்டரும்: மாடலரின் எக்ஸ்.எல்.ஆர். வெளியீட்டை நேராக மிக்ஸருக்குக் கொடுத்து, வாசிப்பவர் காது மானிட்டரிலோ மேடைத் தரை மானிட்டரிலோ கேட்கும் முறை. பெரிய மேடைகளில் இப்போது இது பரவலான வழக்கம். மேடையில் சத்தம் குறைவதால் பாடுபவரின் மைக்கில் கிட்டார் கசியாது. இதில் இழப்பும் உண்டு: எதிரே ஸ்பீக்கர் இல்லாததால், ஸ்பீக்கரின் அதிர்வு தந்தியைத் தொட்டு ஸ்வரத்தை நீட்டிக்கும் ஃபீட்பேக் எளிதில் கிடைக்காது.

வாட் கணக்கு

விளம்பரத்தில் உள்ள வாட் எண்ணை மட்டும் பார்த்துச் சத்தத்தைக் கணிக்க முடியாது. சென்சிடிவிட்டி என்னும் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதே அது. வின்டேஜ் 30இன் சென்சிடிவிட்டி 100 டெசிபல். அதற்கு 50 வாட் கொடுத்தால் 17 டெசிபல் கூடி 117 ஆகும். சென்சிடிவிட்டி 90 டெசிபல் மட்டுமே உள்ள முழுவீச்சு ஸ்பீக்கர் அதே 117ஐ எட்ட 500 வாட் வேண்டும். 50 வாட் வால்வு ஆம்பின் சத்தத்துக்குப் பழகியவருக்கு 200 வாட் முழுவீச்சுப் பெட்டி மெலிந்து கேட்பதற்கு இதுதான் காரணம்.

வாட் இருமடங்கானால் சத்தம் 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. விளம்பரங்களில் வரும் 2,000 வாட் போன்ற எண்கள் பெரும்பாலும் நொடிப்பொழுது உச்சத்தைக் குறிப்பவை. ஒப்பிடுவதானால் தொடர் வாட்டையும் உச்ச டெசிபல் அளவையும் ஒப்பிட வேண்டும்.

வீட்டு ஒலியும் மேடை ஒலியும்

வீட்டில் உருகி உருகி அமைத்துச் சேமித்த ஒலி அமைப்பு, அதாவது ப்ரீசெட், மேடையில் கெட்டுப்போவது வழக்கம். காரணம் மனிதக் காது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் வெளியிட்ட சமச்சத்த வளைகோடுகள் இதை விளக்குகின்றன. சத்தம் குறைவாக இருக்கும்போது காது பாஸையும் உச்ச ட்ரெபிளையும் குறைத்தே கேட்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட வீட்டில் இரண்டையும் ஏற்றிவிடுகிறோம். மேடையில் சத்தம் ஏறியதும் காது அவற்றை முழுதாகக் கேட்கிறது. பாஸ் குழம்புகிறது, ட்ரெபிள் குத்துகிறது, பாட்டில் கிட்டாரைத் தாங்கும் நடுவீச்சு பின்தங்குகிறது.

மேடைக்கான ப்ரீசெட்டை மேடைச் சத்தத்திலேயே அமைப்பதுதான் இதற்கு மருந்து. அது முடியாதவர்கள் ஒரு பொதுவான திருத்தத்தைச் செய்யலாம். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிட வேண்டும். அந்த இடம் பாஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. மேலே 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு அப்பாலும் வெட்டலாம். ஒலிச்சோதனையின்போது உள்ளங்கையைத் தந்தியில் அழுத்தி ஈ தந்தியை மீட்டிப் பார்த்தால் பாஸ் மிகையா என்பது உடனே தெரிந்துவிடும். எல்லா ப்ரீசெட்டுக்கும் பொதுவான, மாடலரின் குளோபல் ஈக்யூவில் இந்தத் திருத்தத்தைச் செய்தால் ஒவ்வொரு ப்ரீசெட்டையும் தனித்தனியாகத் தொட வேண்டியதில்லை.

வைக்கும் இடமும் ஒலியை மாற்றும். தரையில் வைத்த பெட்டியில் பாஸ் கூடும். ஸ்டாண்டில் ஏற்றினால் குறையும். 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் உச்ச அதிர்வுகளை நேர்க்கோட்டில் குவித்து அனுப்புவதால், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் வாசிப்பாளருக்கு அது மந்தமாகக் கேட்கும், நேரெதிரே முன்வரிசையில் இருப்பவருக்குக் குத்தும். முழுவீச்சுப் பெட்டி ட்வீட்டரின் வாய்ப்பகுதியால் ஒலியை அகலமாகப் பரப்புவதால் இந்த வேறுபாடு குறையும். அதைச் சாய்த்துக் காதை நோக்கி வைத்தால் குறைந்த சத்தத்திலேயே தெளிவு கிடைக்கும்.

இணைப்பு

மேடையில் பயன்படும் நல்ல ஏற்பாடு ஒலியை இரண்டாகப் பிரிப்பது. ஐ.ஆர். சேர்ந்த ஒலி எக்ஸ்.எல்.ஆர். வழியாக மிக்ஸருக்கும், ஐ.ஆர். இல்லாத ஒலி மற்றொரு வெளியீடு வழியாக மேடைக் கேபினெட்டுக்கும் போகும். முழுவீச்சுப் பெட்டி என்றால் இரண்டிலும் ஐ.ஆர். இருக்கட்டும். ஹீலிக்ஸில் முதன்மை வால்யூம் திருகை மேடைப் பெட்டிக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். அப்போது வாசிப்பவர் தன் சத்தத்தைக் கூட்டினாலும் அரங்க ஒலி மாறாது. சவுண்ட் இன்ஜினியருக்கும் தலைவலி இல்லை.

எக்ஸ்.எல்.ஆர். வெளியீடு மைக் அளவிலா லைன் அளவிலா என்பதை மிக்ஸரின் உள்ளீட்டுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். மிக்ஸரின் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அந்த வழியில் அணைத்துவிடுவது பாதுகாப்பு. ரீங்காரம் கேட்டால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். பவர் ஆம்பிலிருந்து கேபினெட்டுக்குக் கிட்டார் கேபிள் கூடாது, ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். இரண்டின் ஓம் அளவும் பொருந்த வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஸ்பீக்கரை வரவழைப்பவர்கள், அது 120 வோல்ட்டுக்கு மட்டுமானதா, இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள 230 வோல்ட்டையும் ஏற்குமா என்று பின்புறத் தகட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

காதுப் பாதுகாப்பு

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம் பக்கத்தில் நின்று வாசிப்பவர் அந்த எல்லையை முதல் சில பாட்டுகளிலேயே தாண்டிவிடுவார்.

தேர்வு

வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு நல்ல ஹெட்ஃபோனும் ஒரு ஜோடி 5 அங்குல மானிட்டரும் போதும்; மேடைப் பெட்டி வாங்குவது வீண் செலவு. டிரம்முடன் ஒத்திகை பார்ப்பவருக்கு 10 அல்லது 12 அங்குல முழுவீச்சுப் பெட்டி ஒன்று வேண்டும். 8 அங்குலப் பெட்டி அங்கே திணறும். ஒரே ஆம்ப் ஒலியை நம்பி, அறை அதிரும் உணர்வை விரும்பி வாசிப்பவருக்குக் கேபினெட்டும் பவர் ஆம்பும் பொருந்தும். பல ஆம்ப், பல கேபினெட் ஒலிகளை ஒரே நிகழ்ச்சியில் மாற்றுபவருக்கு முழுவீச்சே சரி. நல்ல பி.ஏ. உள்ள அரங்குகளில் மட்டும் வாசிப்பவர் பெட்டி வாங்கும் பணத்தைக் காது மானிட்டருக்குச் செலவிடலாம். மேடையில் இருக்கும் பெட்டி வாசிப்பவரின் காதுக்கானது. சபை கேட்பது பி.ஏ.யைத்தான்.