நரம்பு வலிக்கு யார் சாட்சி?

கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் சைனிக் பள்ளி தொடங்கியது 1962இல். சீனாவுடன் போர் மூண்டதும் அதே ஆண்டுதான். இமயத்தின் குளிரில் போதிய உடுப்பில்லாமல் நின்றவர்களில் பலருக்குக் கைகால் விரல்கள் பனியில் விறைத்துக் கருகின. புண் ஆறினாலும் நரம்பு எளிதில் ஆறாது. மரத்துப்போதலும் எரிச்சலும் ஆண்டுக்கணக்கில் நீளும்.

பட்டாளத்துக்குப் போவது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். திருவிதாங்கூரின் நாயர் படைதான் பிறகு மதராஸ் ரெஜிமென்ட்டின் 9ஆம் பட்டாலியன் ஆனது. எலும்பு முறிந்து ஊர் திரும்பியவரிடம் காட்ட எக்ஸ்ரே இருந்தது. நரம்பு கெட்டுத் திரும்பியவரிடம் அவர் சொல் மட்டுமே இருந்தது.

அந்தச் சொல்லைப் பொறுமையாகக் கேட்ட மருத்துவர்களில் முன்னோடி, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வேர் மிட்செல். குண்டு பட்டு நரம்பு சிதைந்தவர்கள் எரிச்சல் தாளாமல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்ததை அவர் கண்டார். பிலடெல்பியாவில் இரு மருத்துவர்களோடு சேர்ந்து 1864இல் அதை நூலாக்கினார். காயம் மூடிய பின்னும் வலி தொடரும் என்பது அப்போதே ஏட்டில் ஏறிவிட்டது.

இந்தியாவில் ஊன ஓய்வூதியம் கேட்பவரிடம் மருத்துவ வாரியம் பார்ப்பது இரண்டு: நோய் பணியால் வந்ததா, பணியால் கூடியதா? ஊனம் 20 விழுக்காடாவது இருக்க வேண்டும். முதுகில் அடிபட்டவருக்குச் சில ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போனால் சிக்கல் இங்கேதான். அடிபட்டபோது எழுதிய காயக் குறிப்பு கையில் இல்லாவிட்டால், பின்னால் வந்த நோயை முன்னால் பட்ட அடியோடு இணைத்துக் காட்டுவது பெரும்பாடு.

இத்தனைக்கும் ஊன ஓய்வூதியத்துக்கான 1982ஆம் ஆண்டு விதிகள் படைவீரர் பக்கமே நின்றன. உரிமை கோருபவர் நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமான ஐயம் இருந்தால் பலன் அவருக்கே என்று அவை தெளிவாகச் சொல்லின. வாரியங்கள் பல அதை மதிக்கவில்லை.

இதற்குத் தரம்வீர் சிங் வழக்கே சான்று. அவர் 1985இல் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு. ஆனால் உடல்வாகினால் வந்த நோய், பணியோடு தொடர்பில்லை என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தந்ததை டிவிஷன் பெஞ்ச் பறித்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் இல்லையென்றால் அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று சொல்லும் வாரியம் காரணத்தை எழுத வேண்டும். விதியில் இருந்ததைப் பெற ஒருவருக்கு 19 ஆண்டுகள் ஆனது பெரும் அநியாயம்.

இதற்கிடையே, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைந்தது. கேரள வீரர்களின் வழக்குகளைக் கொச்சி அமர்வு கேட்கிறது. விழுக்காட்டுக் கணக்கிலும் தகராறு இருந்தது. ஓய்வூதியத்துக்காக 20 விழுக்காடு ஊனத்தை 50ஆகக் கணக்கிட்டுத் தரும் சலுகை, உடல்நிலையால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அரசு வாதிட்டது. முழுக்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஊனமுற்றோருக்கும் அது உண்டு என்று ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.