சக்கரம் நின்ற இடம்

திகில் விளையாட்டுக்குப் பழைய பாணியில் வரைபடம் போட உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது தேநீர்க் கறையை. தாளை டிகாஷனில் நனைத்து, ஓரத்தை மெழுகுவத்தியில் கருக்கி, மூலையில் ஒரு மண்டையோட்டையும் ஆற்றில் ஒரு பாம்பையும் போட்டுவிட்டால் பழமை வந்துவிட்டதாக நம்பிக்கை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் இவ்வகை ஆட்டங்களில் 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ பெரும் முன்னோடி. ஆட்டக்காரர் கையில் கொடுக்கும் கடிதமும் வரைபடமும்தான் அதில் பாதி பயத்தைச் சுமக்கின்றன. அந்த ஆட்டத்துக்கு மூலக்கதைகள் எழுதிய லவ்கிராஃப்ட், தன் கற்பனை நகரமான ஆர்க்கமுக்குத் தானே ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தார். நகராட்சி அலுவலகத்தில் தொங்கக்கூடிய சாதாரணத் தெருப்படம் போன்றது அது. பயத்தை எழுதியே பேர் வாங்கியவர் படத்தில் அலங்காரத்தை நம்பவில்லை. பழைய வரைபடத்தின் அச்சம் அதை வரைந்தவரின் கண்டிப்பிலிருந்தே பிறக்கிறது என்பது என் வாதம். அதற்குச் சான்று தேட லண்டன் போக வேண்டாம், கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவில் இருக்கும் குருபரப்பள்ளி போதும்.

இன்று தேசிய நெடுஞ்சாலையும் சிப்காட்டும் லாரி வரிசையுமாக இருக்கும் இந்தப் பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் படைகள் மாறி மாறி மிதித்த மண். பாராமகால் என்று பெயர். 1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கி, கீழ்ப்பகுதியைப் பிடித்தும் உச்சியைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அடுத்த மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்தார். அதே 1792இல் வரைபடக்காரர் ஜேம்ஸ் ரென்னல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். 1790, 1791ஆம் ஆண்டுகளில் தீபகற்பத்தில் பிரிட்டிஷ் படைகள் நடந்த வழிகளை வரைபடத்தோடு விளக்கும் நூல். நாட்டின் படம் என்று நாம் நினைப்பது, பார்க்கப்போனால், படை நடந்த தடத்தின் படம். படையோடு போன அளவர் கையில் காம்பஸ், தரையில் உருளும் அளவைச் சக்கரம். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியதோ அத்தனை தூரம் அவர் அறிந்த நாடு. பாதையின் இருபுறமும் கண்ணுக்கு எட்டிய குன்றும் ஏரியும் தாளில் ஏறும். அதற்கப்பால் வெள்ளை. ஊர்ப்பெயர்கள் மொழிபெயர்க்கும் துபாஷியின் வாய்வழி வந்து, இங்கிலீஷ் எழுத்தில் நெளிந்து நிற்கும். குருபரப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள்: தமிழ்க் காதில் குருபரன், முருகன்; கன்னடக் காதில் ‘குருபர’ என்றால் ஆடு மேய்க்கும் குறும்பருடைய. எல்லையோர ஊருக்கு எந்தக் காது கேட்டதோ அந்தப் பெயர்தான் தாளில் விழும். ஒரே ஊர் இரண்டு தாள்களில் இரண்டு பெயரோடு கிடந்தால், ஆட்டக்காரருக்கு அதைவிட நல்ல சிக்கல் எந்த மண்டையோட்டால் கிடைக்கும்?

உண்மையான பழைய படங்களிலேயே பூதங்கள் உண்டே என்று மறுக்கலாம். உண்டு. 1539இல் ஓலாஸ் மாக்னஸ் வெளியிட்ட ‘கார்ட்டா மரீனா’ வரைபடத்தின் வடகடல் முழுக்கக் கடல் விலங்குகள் புரளுகின்றன. ஆனால் அது வேறு காலம், வேறு தொழில். 1749இல் பிரெஞ்சு வரைபடக்காரர் தான்வீல் தன் ஆப்பிரிக்கப் படத்தில், நம்பத்தகுந்த சான்று இல்லாத உள்நாட்டை வெறுமையாகவே விட்டார். முந்தையவர்கள் நிரப்பி வைத்திருந்த மலைகளும் ராஜ்யங்களும் அதில் போயே போயின. ரென்னலும் அந்த வழிக்காரர்தான். தன் இந்துஸ்தான் படத்துக்கு எந்தப் பகுதி யார் சொல்லில் வரையப்பட்டது என்று விளக்கித் தனி நூலே எழுதினார். ஆகவே 1790களின் படம் என்று சொல்லிக்கொண்டு அதில் பாம்பை வரைகிறவர் இருநூற்றைம்பது ஆண்டு தவறிப்போகிறார்.

இன்னொரு மறுப்பு கனமானது. கறை படிந்த தாளைப் பார்த்ததும் ஆட்டக்காரருக்கு ‘பழசு’ என்று உடனே புரிகிறது, அது போதாதா? முதல் பார்வைக்குப் போதும். ஆனால் அந்தத் தாள் நான்கு மணி நேரம் மேசையில் கிடக்கப்போகிறது. கறையை ஒருமுறைதான் பார்க்க முடியும்; வெற்றிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றும். இடிந்த கோட்டை, தூர்ந்த கிணறு, ஆளில்லாத ஊர் என்று ஒரே கையெழுத்தில், ஒரே சலனமற்ற தொனியில் எழுதிக்கொண்டே வரும் அளவர், ஒரு குன்றின் அடிவாரத்தில் மட்டும் எதுவும் எழுதாமல் நிறுத்தினால், அந்த நிறுத்தத்துக்குக் காரணம் கேட்காத ஆட்டக்காரர் இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் பக்கத்துத் தாள். அளக்கப்பட்டவர்களின் பயம் எங்கே என்றும் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 1792க்குப் பிறகு கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்தது வரி போடுவதற்காக. உழுகிறவனுக்கு அளவுக்கயிறே ஒரு பேய். இந்த மண் தன் பயங்களைத் தாளில் எழுதவில்லை, கல்லில் எழுதியது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். மாடு மீட்கச் செத்தவனுக்குக் கல், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்குப் புலிக்குத்திக் கல். மல்லசந்திரத்துக் குன்றில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. தளி, ஜவளகிரி காடுகளின் ஆட்கொல்லிப் புலிக் கதையை வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954இல் புத்தகமாக்குவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தப் புலி கல்லில் ஏறிவிட்டது. படம் வரைகிறவர் கையில் இப்போது இரண்டு ஆவணங்கள்: சக்கரம் போன வழி ஒன்று, கற்கள் நிற்கும் இடம் ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கற்கள் பலவும் அளவரின் வெள்ளைப் பரப்பில் விழும்படி வரையலாம். கதை அங்கேதான் தொடங்கும்.

கடைசியாகத் தேதி. 1802இல் கம்பெனி அளவர் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கிய பின், குன்றுச்சிகள் ஒவ்வொன்றாகப் புள்ளிகளாகி வெற்றிடங்கள் மூடத் தொடங்கின. திகில் படம் அதற்கு முன்பு நிற்க வேண்டும். அதிலும் ஆண்டைப் பார்த்து எழுத வேண்டும். பாராமகால் 1792இலேயே கம்பெனிக்கு வந்துவிட்டது. சூளகிரியை உள்ளடக்கிய ஓசூர்ப் பக்கமோ 1799 வரை மைசூரிடம் இருந்தது. படத்தில் 1795 என்று போட்டால் குருபரப்பள்ளிக்கு மேற்கே இரண்டு அரசுகளின் எல்லைக்கோடு ஓட வேண்டும். 1800 என்று போட்டால் அதைச் சுரண்டி அழித்த தடம் மட்டும் தாளில் தெரிய வேண்டும்.